நூறு நாள் பேனர்

போன சனிக்கிழமை காலை பால் பாக்கெட் வாங்கப் போனவன், மரக்காணம் பஸ் நிறுத்தத்தில் என்னை நானே அண்ணாந்து பார்த்தபடி நின்றுவிட்டேன்.

பத்தடிக்கு எட்டடி. கும்பிட்ட கை. எந்தக் கல்யாணத்திலோ எடுத்த போட்டோவிலிருந்து என் தலையை மட்டும் வெட்டி, யாருடையதோ ஒரு கோட்டு சூட்டின் மேல் உட்கார வைத்திருந்தார்கள். முகத்தை இரண்டு சுற்று வெளுத்திருந்தார்கள். பின்னால் உதிக்கிற சூரியன். சூரியனுக்குப் பக்கத்தில், எதற்கென்று தெரியவில்லை, ஒரு சிங்கம்.

மேலே கொட்டை எழுத்தில் – ‘நூறு நாள் நாயகனே!’

கீழே – ‘குடியை விரட்டியடித்து நூறாவது நாளில் அடியெடுத்து வைக்கும் எங்கள் மாமாவை வாழ்த்தி வணங்குகிறோம்.’

அதற்கும் கீழே – ‘பாராட்டு: ஞாயிறு பகல் 11.30, தையல் கூடம். இவண்: குடும்பத்தார் மற்றும் தையல் கூட நண்பர்கள்.’

கடைசி வரிசையில் வட்ட வட்டமாக என் குடும்பத்துத் தலைகள். ஓரத்து வட்டத்தில் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு என் மச்சான் சேகர். மனைவியின் தம்பி. ஃப்ளெக்ஸ் கடையில் டிசைனராக இருக்கிறான்.

டீக்கடைக்காரர் டம்ளர் கழுவிக்கொண்டே கேட்டார். “என்னா சார், குடிச்சிட்டு இருந்தப்ப கூட இவ்ளோ விளம்பரம் இல்லியே?”

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பால் வாங்காமலே வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

இத்தனை வருடமாக வாரா வாரம் உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்காரரோடு போட்ட சண்டையைச் சொல்லியிருக்கிறேன். பல் பிடுங்கப் போய் பயந்து ஓடி வந்ததைச் சொல்லியிருக்கிறேன். குடிப்பதை மட்டும் சொன்னதில்லை. இனி ஒளித்து என்ன ஆகப்போகிறது... ஊர் நடுவே பேனரே வைத்தாயிற்று.

ஆனால் அந்தப் பேனரில் ஒரு பொய் இருந்தது. சேகர் சொன்ன பொய் அல்ல. நான் சொன்னது. பால் கூட வாங்காமல் நான் திரும்பி ஓடி வந்தது சிங்கத்தைப் பார்த்து இல்லை.

முதலிலிருந்து சொல்கிறேன்.

போன வருடம் ஒரு வாரம் ‘எழுத்தாளருக்கு உடல்நலக் குறைவு, இந்த வாரம் பத்தி இல்லை’ என்று போட்டிருந்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? பதறிப்போய்ச் சிலர் கடிதம் எழுதினீர்கள். ஒரு அம்மா நிலவேம்புப் பொடி பார்சல் அனுப்பியிருந்தார். அந்த அம்மாவிடம் முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். காய்ச்சல் எதுவும் எனக்கு இல்லை.

நடந்தது இதுதான். பத்தியை அனுப்பிய மறுநாள் அலுவலகத்திலிருந்து போன். பக்கத்தைப் பார்த்துக்கொள்கிற பெண், என் மகள் வயது இருக்கும். “சார், பத்தி வந்துச்சு. நல்லா இருக்குது. ஆனா...”

“என்னம்மா ஆனா?”

“இதையேதான் சார் போன மாசமும் எழுதிக் குடுத்தீங்க.”

நான் நம்பவில்லை. பழைய இதழை எடுத்துப் பார்த்தேன். சில்லறை கேட்ட அதே கண்டக்டர். அதே கிண்டல். முடிவு வரி கூட அச்சு அசல் அதே. ஒரு மாதத்துக்கு முன்னால் என் கையால் எழுதியது, அதில் ஒரு சொல்கூட எனக்கு நினைவில்லை. இன்னும் மோசம் என்ன தெரியுமா? படித்துக்கொண்டே வந்தவன், நடுவில் ஒரு இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். யாரோ நன்றாக எழுதியிருக்கிறானே என்று.

“உடம்பு சரியில்லன்னு போட்டுடவா சார்?” என்றாள் அந்தப் பெண், மெதுவாக. திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். அந்த மெதுவான குரலைத்தான் தாங்க முடியவில்லை.

அன்றைக்கே போனில் ‘குடியை நிறுத்துவது எப்படி’ என்று தேடினேன். அவ்வளவுதான், போன் என்னைப் பிடித்துக்கொண்டது. திறக்கும்போதெல்லாம் ஏதோ ஒரு பொடி விளம்பரம்... ‘கணவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுங்கள்.’ கணவனே தேடினால் யாருக்குத் தெரியாமல் கலப்பது?

பொடிகளுக்கு நடுவே ஒரு உருப்படியான தகவலும் கிடைத்தது. குடியை விட்டவர்களும் விட நினைக்கிறவர்களும் ஒன்றாக உட்கார்ந்து பேசுகிற கூட்டம். மருந்து கிடையாது, கட்டணம் கிடையாது. புதுச்சேரியில், ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு.

புதுச்சேரி வசதி என்று தோன்றியது. அங்கே என்னை யாருக்கும் தெரியாது. ஆனால் எங்கள் பக்கத்து ஆண்கள் ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரிக்கு பஸ் ஏறினால் எதற்கென்று கண்டக்டருக்கே தெரியும். குடிக்காமல் இருப்பதற்காக டிக்கெட் எடுத்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஐந்து மணிக் கூட்டத்துக்கு முன்கூட்டியே போகலாம் என்று பன்னிரண்டுக்கே கிளம்பினேன். அதுதான் தப்பு. பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம்தான் அந்த இடம். அந்த நடக்கிற தூரத்தில் எத்தனை கடை... நாலு கடை வரை தாண்டிவிட்டேன், அதை மட்டும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

கூட்டம் தொடங்கும் நேரத்துக்கு நான் திரும்பி வரும் பஸ்ஸில் இருந்தேன். பக்கத்து சீட்டில் இருந்த அம்மா எழுந்து, கம்பியைப் பிடித்தபடி, நின்றுகொண்டே வந்தார். இறங்கும்வரை நின்றார்.

மறுநாள் அந்த நம்பருக்குப் பேசினேன். மன்னிப்புக் கேட்கத்தான்.

“நேத்து வர முடியலைங்க. பஸ் லேட்டு.”

எதிர்முனையில் ஒரு வயதான குரல் சிரித்தது. “பஸ் லேட்டா, இல்ல பஸ் ஸ்டாண்டுல இறங்கினப்புறம் லேட்டா?”

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

“எங்கேர்ந்து பேசறீங்க?”

“மரக்காணம்.”

“ஏங்க, அங்கியே ஒன்னு நடக்குதே. அத விட்டுட்டு இவ்ளோ தூரம் ஏன் வந்து லேட்டாவறீங்க?”

விலாசம் சொன்னார். என் வீட்டிலிருந்து இரண்டு தெரு. பெண்களுக்குத் தையல் வகுப்பு நடக்கிற கூடம். என் மனைவி செல்வி துணி ஓரத்துக்கு ஓவர்லாக் அடிக்கக் கொடுக்கிற இடம். தினமும் அதைத் தாண்டித்தான் நான் கடைக்கே போய்க்கொண்டிருந்தேன்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிட வேண்டும். குழுவில் அனுமதி கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். இதில் வருகிற பெயர்கள் எல்லாம் மாற்றியவை. தையல் கூடமும் உண்மையில் தையல் கூடம் இல்லை, பேனரிலிருந்ததும் வேறு பெயர்தான். தேடாதீர்கள். பேனரைப் பார்த்துவிட்ட எங்கள் ஊர்க்காரர்கள் கொஞ்சம் பெரிய மனது பண்ணி மறந்துவிடவும்.

முதல் ஞாயிறு அந்தத் தெருவில் மூன்று முறை முன்னும் பின்னும் நடந்தேன். எதிர்வீட்டு அம்மா அரிசி முறத்தோடு நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். நாலாவது முறை கேட்டேவிட்டார். “இன்னா சார், தையல் கத்துக்கப் போறீங்களா?”

“ஆமாம்மா” என்று சொல்லி உள்ளே நுழைந்தேன்.

கடையில் க்யூவில் நின்றபோது ஒரு நாளும் நான் தலையைக் குனிந்ததில்லை. தெரிந்தவர்கள் வந்தால் கை காட்டியிருக்கிறேன். நிறுத்தப் போகும்போதுதான் சந்து பார்த்து, ஆள் பார்த்து, கழுத்தைக் குறுக்கிக்கொண்டு போகிறேன். நமக்கு மட்டும் ஏன் இப்படி எல்லாமே தலைகீழாக இருக்கிறது?

உள்ளே தையல் மிஷின்களைச் சுவரோரம் தள்ளி, துணி போட்டு மூடி, நடுவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர். பாதிப் பேர் உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள். விடிவதற்கு முன்னால் பாத்தியில் இறங்கி, வெயில் ஏறுவதற்குள் உப்பு வாரி முடித்து, குளித்து, சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள். அதற்காகத்தான் பதினொன்றரை மணி. வேலை முடிந்ததும் கை நேராக எதைத் தேடுமோ, அந்த நேரத்துக்குக் கூட்டத்தை வைத்திருக்கிறார்கள்.

நடத்துகிறவர் முனுசாமி அண்ணன். அவரும் உப்பளம்தான். பதினோரு வருடமாகத் தொடவில்லை. கால் இரண்டும் உப்பில் வெளுத்து, வெடித்துக் கிடக்கும். அந்தக் காலை நாற்காலி மேல் மடக்கி உட்கார்ந்துகொண்டு, வந்தவனை மேலும் கீழும் பார்ப்பார்.

நான் பாக்கெட்டிலிருந்து குறிப்பு நோட்டை எடுத்தேன். உங்களுக்குத்தான் தெரியுமே, யார் எது சொன்னாலும் எழுதி வைத்துக்கொள்கிற ஆள் நான். மனிதர்கள் போகிற போக்கில் சொல்வதை விட நல்ல எழுத்து எதுவும் இல்லை என்று நம்புகிறவன். “நான் பத்திரிகையில எழுதறவன். இதப்பத்தி ஒரு கட்டுரை...” என்று ஆரம்பித்தேன்.

“எழுத வந்தியா சார், நிறுத்த வந்தியா?” என்றார் முனுசாமி அண்ணன்.

“ரெண்டுக்கும்னு வெச்சுக்குங்களேன்.”

“ரெண்டுக்கும் இங்க நாற்காலி இல்ல. ஒன்னச் சொல்லு.”

“நிறுத்த” என்றேன்.

கையை நீட்டினார். நோட்டைக் கொடுத்தேன். ஒரு மிஷினின் டிராயரைத் திறந்து, நூல் கண்டுகளுக்கு நடுவே போட்டு மூடினார். “போம்போது வாங்கிக்கோ. இங்க காதுதான். கை இல்ல.”

அந்த வரியை எழுதிக்கொள்ளக் கை பரபரத்தது. நோட்டு டிராயரில் இருந்தது.

அங்கே ஊர் கேட்க மாட்டார்கள், ஜாதி கேட்க மாட்டார்கள். கூட்டம் தொடங்கும்போது ஆளுக்கு ஒரு எண் சொல்ல வேண்டும். குடிக்காத நாட்களின் எண். அவ்வளவுதான் அறிமுகம். அன்றைக்கு என் எண் இரண்டு.

பிறகு ஒரு புது ஆள் வந்தார், ஷாஜகான் பாய். வெளிநாட்டில் பல வருடம் வேலை பார்த்துத் திரும்பியவர். வீடு கோட்டக்குப்பம், அதாவது புதுச்சேரியை ஒட்டினாற்போல. “பாய், உங்களுக்குப் பக்கத்துலயே புதுச்சேரியில நடக்குதே?” என்று கேட்டேன்.

“அதான் சார் வரல. அங்க எல்லாரும் எங்காளுங்க. நான் குடிக்கிறேன்னு தெரிஞ்சாலே பள்ளிவாசல்ல மூஞ்சி காட்ட முடியாது. உப்பு யாவாரம்னு வூட்டுல சொல்லிட்டு வர்றேன்.”

நான் மரக்காணத்துக்குப் பயந்து புதுச்சேரி போனேன். இவர் புதுச்சேரிக்குப் பயந்து மரக்காணம் வருகிறார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் எதிரும் புதிருமாகப் போகிற பஸ்களில் இன்னும் எத்தனை பேர் இப்படி ஒருவரையொருவர் தாண்டிப் போகிறார்களோ...

நாட்கள் ஏறின. பதினாறு, முப்பது, ஐம்பத்தெட்டு. இந்தக் குழுவில் மெடல் இல்லை, சால்வை இல்லை. ஒன்றே ஒன்று உண்டு. நூறாவது நாளை ஒட்டி வருகிற ஞாயிறு, குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வரலாம். வீட்டிலிருந்து கேசரி கிண்டிக் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுப்பார்கள். செல்வி அறுபதாவது நாளே ரவை வாங்கி வைத்துவிட்டாள்.

அறுபத்திரண்டாவது நாள் நான் குடித்தேன்.

யாரோ வற்புறுத்தினார்கள் என்று எழுதினால் உங்களுக்கும் ஆறுதலாக இருக்கும், எனக்கும். யாரும் வற்புறுத்தவில்லை. சாவு இல்லை, சண்டை இல்லை. ஒரு வியாழக்கிழமை. அந்த வாரத்துப் பத்தி நன்றாக வந்திருந்தது. ஒரு வாசகர் போன் பண்ணி, படித்துவிட்டு அழுதேன் என்றார். சந்தோஷமாக இருந்தது. சந்தோஷமாக நடந்துபோய் ஒரு குவார்ட்டர் வாங்கினேன். உப்பு லாரிகள் வரிசையாக நிற்கிற இடத்தில், ஒரு லாரிக்கும் இன்னொரு லாரிக்கும் நடுவில் நின்று, பட்டப்பகலில் குடித்தேன். ஏலக்காய் மென்றேன். வீட்டுக்கு வந்து, வெயில் தலைவலி என்று படுத்துக்கொண்டேன். செல்வி தைலம் தேய்த்துவிட்டாள்.

ஞாயிறு கூட்டத்துக்குப் போனேன். போகாமல் இருந்திருந்தால் கூடப் பரவாயில்லை. என் முறை வந்தது. மூன்று என்று சொல்ல வேண்டும். வாய் தன்பாட்டில் “அறுபத்தஞ்சு” என்றது.

முனுசாமி அண்ணன் தலையாட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். அதற்குப் பிறகு நான் தொடவில்லை, அது சத்தியம். ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் அந்த எண்ணோடு ஏழு கூட்டிக் கூட்டிச் சொன்னேன். ஒரே பத்தியை இரண்டு தடவை விற்கப் பார்த்த மாதிரி, கலைந்துபோன அந்த அறுபத்திரண்டையும் மறுபடி மறுபடி விற்றேன்.

இந்த நிலைமையில்தான் பேனர்.

சனிக்கிழமை பால் இல்லாமல் வீட்டுக்கு வந்தவன் நேராக சேகரைப் பிடித்தேன்.

“டேய், யார்றா உன்ன இதெல்லாம் கேட்டது?”

“யாரும் கேக்கல மாமா. நானேதான். கடையில மிச்ச ரோல் இருந்துது.”

“மொதல்ல எடுத்துடு.”

“ஏன் மாமா? செத்தா வெக்கறோம். காது குத்துனா வெக்கறோம். போன வாரம் ஒருத்தன் எருமை மாடு வாங்குனதுக்கு நானே அடிச்சுக் குடுத்தேன். நூறு நாளு ஒரு மனுஷன் குடிக்காம இருந்தா வெக்கக் கூடாதா?”

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? நியாயமான கேள்விதான்.

“அது வெளிய சொல்லக்கூடாத குழுப்பா. யாரு வர்றாங்கன்னு யாருக்கும் தெரியக்கூடாது. நீ எடம், நேரம் எல்லாம் போட்டு வெச்சிருக்கற.”

“தையல் கூடம்னுதானே போட்டேன்? குடிகாரங்க சங்கம்னா போட்டேன்?”

நான் சொன்னது உண்மையான காரணம்தான். ஆனால் என் காரணம் அது இல்லை. ‘நூறு இல்லடா, முப்பத்தேழு’ என்று ஒரு வரி சொன்னால் முடிந்தது. குழுவின் கட்டுப்பாட்டை எடுத்து முன்னால் பிடித்துக்கொண்டு அதன் பின்னால் நின்றேன்.

சேகர் குரலைத் தாழ்த்தினான். “அடுத்த மாசம் நானும் வரலாம்னு இருக்கேன் மாமா. உங்களப் பாத்துதான். அக்கா கிட்ட சொல்லிடாதீங்க.”

அவனும் குடிப்பான். எனக்குத் தெரியும், என்னோடு உட்கார்ந்து குடித்தவன்தான். அவனிடம் போய் முப்பத்தேழு என்று எப்படிச் சொல்வது?

“சரி வுடு மாமா, அந்த வரிய மட்டும் மறைச்சுடறேன்” என்று போனான். அரை மணியில் ‘தையல் கூடம்’ வரியின் மேல் வெள்ளைப் பேப்பர் ஒட்டியாயிற்று. அதுவரை அந்த வரியை ஒருவரும் படித்திருக்க மாட்டார்கள். இப்போது போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று, பேப்பர் முனையை நகத்தால் தூக்கிப் பார்த்தார்கள்.

ஞாயிறு காலை வீடெல்லாம் நெய் வாசனை. செல்வி நல்ல புடவை கட்டியிருந்தாள். கேரியரின் நாலு அடுக்கிலும் கேசரி, முந்திரி தெரிகிற மாதிரி. சேகர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து நின்றான். கிளம்புகிற நேரத்தில் எனக்கு போன். பாய்.

“சார், சலாம். நான் மரக்காணத்துல இறங்கல.”

“ஏன் பாய்?”

“ஸ்டாப்பிங்ல உங்க படம் வெச்சிருக்குது. கீழ ஒரு பேப்பரக் கிழிச்சுட்டு ரெண்டு பேரு சத்தமா படிக்கறாங்க, தையல் கூடம்னு. பஸ்சுல எங்க தெரு ஆளுங்க இருந்தாங்க. எழுந்தவன் அப்படியே உக்காந்துட்டேன். திரும்பற பஸ்சுக்கு நிக்கிறேன்.”

“அடுத்த வாரம் வந்துடுங்க பாய்.”

“பாக்கலாம் சார்.” கொஞ்சம் நிறுத்தி, “எனக்கு இன்னைக்கு இருபத்தொன்னு. என் பேருக்கு நீங்க சொல்லிடுங்க. உங்க நூறுக்கு முபாரக்.”

போனைச் சட்டைப் பையில் போட்டேன். அந்த இருபத்தொன்றும் கூடவே உள்ளே போன மாதிரி இருந்தது. அதோடு இரண்டு தெரு நடந்தேன்.

கூடத்தில் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு செல்வி ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். சேகர் வாசற்படியில் நின்று போனைத் தூக்கிப் பிடித்து வீடியோவை ஆன் பண்ணினான். எண்கள் வரத் தொடங்கின. “நாப்பது.” “நூத்தி அம்பத்தி ரெண்டு.” “எட்டு.” என் முறை.

“பாய் வரல. இருபத்தொன்னு சொல்லச் சொன்னாரு” என்றேன்.

“சரி. உன்னுது?” என்றார் முனுசாமி அண்ணன்.

அடுத்தவனுடைய இருபத்தொன்று ஒன்றுகூடக் குறையாமல் என் வாயிலிருந்து அப்போதுதான் போயிருந்தது. அதே வாயால் அடுத்ததைச் சொல்ல வேண்டும். செல்வி என்னைப் பார்த்துச் சிரித்தாள், சொல்லுங்க என்கிற மாதிரி.

“முப்பத்தெட்டு.”

தட்டத் தூக்கிய கைகள் நடுவில் நின்றன.

“மாமா” என்றான் வாசலிலிருந்து சேகர், எடுத்துக் கொடுக்கிற குரலில். “தப்பா சொல்றீங்க. நூறு.”

“முப்பத்தெட்டுதான் சேகர். வீடியோவ நிறுத்து.”

அவன் நிறுத்தவில்லை. போனைத் தூக்கிப் பிடித்த கை அப்படியே இருந்தது. நான் சொன்னேன். வியாழக்கிழமை, லாரி, ஏலக்காய், தைலம், அதற்கு அடுத்து வந்த ஆறு ஞாயிறுகளில் அஞ்சு ஞாயிறு சொன்ன பொய். முனுசாமி அண்ணன் குறுக்கே பேசவில்லை. சொல்லி முடித்துவிட்டு அவர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செல்வியைப் பார்க்கப் பயம்.

அவள்தான் கேட்டாள். “எந்த வியாழக்கிழமை?”

“தலைவலின்னு படுத்திருந்தேனே...”

“அந்த வாரம்தான்” என்றாள் செல்வி. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, முனுசாமி அண்ணனைப் பார்த்துச் சொன்னாள். “பதினாலு வருஷமா இவரு வூட்டுக்குள்ள நொழஞ்சா மொதல்ல பையத்தான் வாங்கிப் பாப்பேன். அந்த வாரம்தான் அண்ணே, இனிமே எதுக்குன்னு பாக்கறத வுட்டேன்.”

எத்தனையோ திட்டு வாங்கியிருக்கிறேன் அவளிடம். ஒன்றுகூட இப்படி இறங்கியதில்லை.

கடைசியில் நூத்தி அம்பத்திரண்டு நாள்காரர்தான் தொண்டையைச் செருமினார். “யம்மா, கேசரி ஆறுது.”

செல்வி எழுந்தாள். கேரியரைப் பிரித்தாள். பேப்பர் தட்டில் ஒவ்வொருவருக்கும் இரண்டு கரண்டி வைத்துக்கொண்டே வந்தாள். எட்டு நாள்காரருக்கு வைத்தாள். வாசலில் நின்ற சேகருக்கு வைத்தாள். என் நாற்காலிக்கு வந்தாள், தாண்டிப் போனாள்.

“சாருக்கு?” என்று யாரோ கேட்டார்கள்.

“இது நூறுக்குச் செஞ்சதுங்க. அவரு நூறுக்கு வரட்டும். அப்ப செஞ்சு தர்றேன்.”

முனுசாமி அண்ணன் வாயில் கேசரியோடு தலையாட்டினார். “மொறைதான்.”

சிலர் சிரித்தார்கள். பன்னிரண்டு பேர் கேசரி சாப்பிடுவதை ஒரு ஆள் சும்மா உட்கார்ந்து பார்ப்பது எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைக்கிறீர்கள்? நெய் நல்ல நெய். வாசனை தெரிந்தது.

கூட்டம் கலைந்ததும் முனுசாமி அண்ணன் என்னைத் தனியாக நிறுத்தினார். ஆறுதல் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். “முப்பத்தெட்டும் நாளுதான், அத வுடு. ஆனா பாய் அடுத்த வாரம் வரலன்னா அது உன்னாலதான் சார். மச்சான் மேல போடாத.”

சேகர் அன்றைக்கு என்னிடம் பேசவில்லை. யாரும் சொல்லாமலே போய்ப் பேனரை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு வந்தான். முனுசாமி அண்ணன் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார். நல்ல அளவு, கோடை மழை வந்தால் உப்பு அம்பாரத்தின் மேல் போர்த்தலாம் என்றார். கொடுக்கும்போது சேகர் ஒன்றே ஒன்று சொன்னான். “மொகத்த உள்பக்கமா போட்டுக்குங்க அண்ணே.”

திங்கட்கிழமை பாய்க்கு போன் பண்ணி என் எண்ணைச் சொன்னேன். திட்டிவிட்டு வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

“அப்ப நான் உங்களுக்குப் பதினேழு நாள்தான் பின்னாடி” என்றார். குரலில் ஒரு உற்சாகம் கூட இருந்தது. “அடுத்த ஸ்டாப்பிங்ல இறங்கி நடந்து வர்றேன் சார். வெயில்தான், பரவால்ல.”

அடுத்த மாதம் வருவதாகச் சொன்ன சேகர் வருவானா? தெரியவில்லை. கேட்க எனக்கு முகம் இல்லை. அவன் முன்னால் எந்த எண்ணைச் சொல்லவும் இப்போது கூச்சமாக இருக்கிறது. அச்சடித்த எண்ணை நம்பினவன் அவன்.

நாம் கெட்டதைச் செய்தபோது வராத வெட்கம், அதைச் சொல்லும்போதுதான் மொத்தமாக வருகிறது. வரிசையில் நின்று வாங்கியபோது எங்கே போயிருந்தது இது? ஆனால் ஒன்று கவனித்தேன். பொய் எண்ணைச் சொன்ன வாரங்களில் எனக்குத் தூக்கம் நன்றாகவே வந்தது. உண்மையைச் சொன்ன அன்றைக்குத்தான் வரவில்லை. தூங்க முடியாதது இந்த ஒரு தடவை நல்லதுதான் என்று எடுத்துக்கொண்டேன்.

இதை எழுதுகிற இன்று புதன்கிழமை. நாற்பத்தொன்று.

காலையில் தபால் ஆபீஸ் வரை போய்விட்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என்னோடு பேசாத செல்வி கதவருகில் நின்று கையை மட்டும் நீட்டினாள். தோளிலிருந்து பையைக் கழற்றிக் கொடுத்தேன். பெரிய ஜிப்பைத் திறந்து பார்த்தாள், பக்கத்து ஜிப்பைத் திறந்து பார்த்தாள், மூடித் திருப்பிக் கொடுத்தாள்.

அடியில், தையலைப் பிரித்து, குவார்ட்டர் பாட்டில் அளவுக்கு நான் பண்ணி வைத்திருந்த இன்னொரு அறை இருந்தது. பதினாலு வருடத்தில் அதை அவள் பார்த்ததே இல்லை. நானே பிரித்துக் காட்டினேன்.